வீட்டில் செய்யும் போர்டு கேமுக்கு மலிவாகப் பகடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்மாய்ப் பாசனத்தை வைத்து நான் ஒரு விளையாட்டு செய்துகொண்டிருக்கிறேன். நான்கு வருடமாகச் செய்வதும் பிரிப்பதுமாகப் போகிறது. ஒரு கண்மாய், ஐந்து வயல், இரண்டு பகடை. பகடையில் எண் கிடையாது. மழை, வெயில், மடை, உடைப்பு, களை, நீர்பாய்ச்சி (வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுபவர்) என்று ஆறு படங்களோடு தொடங்கினேன். விளையாட வருகிறவர்கள் ஆட்டத்தைப் பற்றிக் கேட்பதைவிட "இந்த டைஸை எங்கே வாங்கினீங்க?" என்றுதான் அதிகம் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் இவை.

படம் போட்ட பகடை வேண்டும். எவ்வளவு செலவாகும்?

முதல் ஆட்டத்துக்கு ஒரு பைசாகூட வேண்டாம். பழைய லூடோ டப்பாவில் இருக்கும் பகடையை எடுங்கள். ஒரு துண்டு அட்டையில் "1 மழை, 2 வெயில், 3 மடை..." என்று எழுதி மேசை நடுவில் வையுங்கள். ஒவ்வொரு முறையும் அட்டையைப் பார்ப்பது எரிச்சல்தான். ஆனால் முதல் நான்கைந்து ஆட்டங்களில் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: இந்த ஆறு முகமும் ஆட்டத்துக்குத் தேவையா? அதற்கு அந்த அட்டை போதும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். மூன்றாவது ஆட்டம் நன்றாகப் போன சந்தோஷத்தில் 60 மரக் கட்டைகளில் லேசரால் படம் செதுக்கி வாங்கிவிட்டேன். அடுத்த வாரமே என் அத்தை மகன் விளையாடிவிட்டு, "களை விழுந்தா யாரும் ஒண்ணும் பண்றதில்லையே மச்சான், அது எதுக்கு?" என்றான். அவன் சொன்னது சரி. களையை எடுத்துவிட்டு மழையை இரண்டு முகமாக்கினேன். அந்த 60 கட்டைகளும் இன்னும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் கிடக்கின்றன. கடைக்காரர் வேலையில் ஒரு குறையும் இல்லை, அவசரப்பட்டது நான். கீழே சொல்லும் வழிகளை இந்தக் கண்ணோடுதான் வரிசைப்படுத்தியிருக்கிறேன். முகத்தை எளிதாக மாற்ற முடிகிற வழி முதலில், மாற்றவே முடியாத வழி கடைசியில்.

வெற்றுப் பகடை எங்கே கிடைக்கும்?

இணையக் கடைகளில் "பிளாங்க் டைஸ்" என்று தேடினால் வரும். இரண்டு வகை உண்டு. ஒன்று, ஆறு பக்கமும் வழவழவென்று தட்டையாக இருப்பது. மற்றது, ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்டிக்கர் உட்காருவதற்கென்று லேசாகப் பள்ளம் விட்டது. பள்ளம் விட்டதன் விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் ஸ்டிக்கர் ஓரம் உரியாது. பல மாதம் சோதிக்கப்போகிற ஆட்டம் என்றால் அதையே வாங்குங்கள்.

அளவு 16 மி.மீ. என்று பார்த்து வாங்குங்கள். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் பகடை இந்த அளவுதான். 12 மி.மீ. பகடை அழகாக இருக்கும், ஆனால் அதில் படம் போட்டால் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. வயதானவர்களோடு விளையாடுவதாக இருந்தால் 20 மி.மீ.க்குக்கூடப் போகலாம்.

வெற்றுப் பகடை கிடைக்கவில்லையா? சாதாரண லூடோ பகடையின் மேலேயே ஒட்டலாம். புள்ளிக் குழிகள் ஸ்டிக்கருக்கு அடியில் லேசாகத் தெரியும், அவ்வளவுதான். சென்னையில் பாரிமுனைப் பக்கம் மொத்த விலைக் கடைகளில் லூடோ டைஸை எண்ணிக்கையாகவே கொடுப்பார்கள். கடையில் போய் "பகடை" என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள், "தாயக்கட்டை" என்று கேட்டால் நீளமான பித்தளைக் கட்டையை எடுத்துக் கொடுப்பார்கள். "லூடோ டைஸ்" என்றே கேளுங்கள்.

ஸ்டிக்கர் ஒட்டினால் ஒரே நாளில் உரிந்துவிடுகிறதே, என்ன செய்வது?

பெரும்பாலும் மூன்று தவறுகளில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, காகித ஸ்டிக்கர். கை வியர்வை பட்டாலே ஊறிவிடும். வினைல் ஸ்டிக்கரில் அச்சடித்து, வெட்டுவதற்கு முன் மேட் லேமினேஷன் போடச் சொல்லுங்கள். பளபளப்பான கிளாஸி லேமினேஷன் போட்டால் ட்யூப் லைட் வெளிச்சத்தில் படம் மின்னுமே தவிரத் தெரியாது.

இரண்டாவது, ஸ்டிக்கர் பெரியதாக இருப்பது. 16 மி.மீ. பகடையின் முனைகள் வளைந்திருக்கும். உண்மையில் தட்டையாக இருக்கும் இடம் 12 அல்லது 13 மி.மீ.தான். அந்த வளைவின் மேல் ஏறிய ஸ்டிக்கர் உரிந்தே தீரும். 11 மி.மீ. போதும். சதுரத்தைவிட வட்டம் நல்லது. வட்டத்துக்கு மூலை கிடையாது, அதனால் உரிய ஆரம்பிக்க இடமும் கிடையாது.

மூன்றாவது, பகடையைத் துடைக்காமல் ஒட்டுவது. அச்சிலிருந்து வரும் பிளாஸ்டிக்கின் மேல் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் இருக்கலாம். பஞ்சில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டு ஒரு முறை துடைத்து, காயவிட்டு ஒட்டுங்கள்.

அச்சகத்தில் எப்படிக் கேட்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிஜிட்டல் பிரிண்டிங் கடைகளில் "12க்கு 18" ஷீட் என்பார்கள், அங்குலக் கணக்கு. அதில் "வினைல் ஸ்டிக்கர், மேட் லேமினேஷன், ஹாஃப் கட்" என்று கேளுங்கள். ஹாஃப் கட் என்றால் மேல் ஸ்டிக்கர் மட்டும் வெட்டுப்பட்டு அடித்தாள் முழுசாக இருக்கும், உரித்து ஒட்டினால் போதும். 11 மி.மீ. ஸ்டிக்கருக்கு 3 மி.மீ. இடைவெளி விட்டு அடுக்கினால், ஓரம் போக ஒரு வரிசைக்கு 20 வீதம் 31 வரிசை, மொத்தம் 620 ஸ்டிக்கர் வரும். 100 பகடைக்கு மேல் ஒட்டலாம். நமக்கு வேண்டியதோ இரண்டு பகடை.

மீதி இடத்தை வீணாக்காதீர்கள். இப்போது இருக்கும் ஆறு படத்தோடு, நாளைக்கு மாற்றலாமோ என்று தோன்றுகிற படங்களையும், சில வெறும் வெள்ளை வட்டங்களையும் அதே ஷீட்டில் போட்டுவிடுங்கள். களையை எடுத்துவிட்டு மழையைப் போட எனக்கு ஆனது இரண்டு நிமிடம். (மரக்கட்டைக் கதைக்குப் பிறகுதான் இந்தப் புத்தி வந்தது.)

இன்னொன்று. ஒரு முகம் வெறுமையாக இருக்க வேண்டும் என்றாலும் அதிலும் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். ஆறு பக்கமும் ஒரே கனத்தில் இருக்கட்டும்.

மார்க்கரால் எழுதினால் போதாதா?

தாராளமாகப் போதும். அது எனக்குப் பிடித்த வழியும்கூட. தட்டையான வெற்றுப் பகடையில் பெர்மனென்ட் மார்க்கரால் எழுதலாம், பிடிக்கவில்லை என்றால் சானிடைசர் தொட்ட பஞ்சால் அழிக்கலாம். அந்த மை ஆல்கஹாலில் கரையும்.

ஆனால் வியர்த்த கையில் பத்து ஆட்டம் பட்டதும் மங்கிவிடுகிறது. மேலே நிறமில்லாத நெயில் பாலிஷ் பூசு என்று எல்லோரும் சொல்வார்கள். நெயில் பாலிஷில் இருக்கும் கரைப்பானும் மையை இழுத்துக்கொண்டு போகும், படம் கலங்கிவிடும். சிலவகைப் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பே பிசுபிசுவென்று ஆகிவிடும். பூசியே ஆக வேண்டும் என்றால் மையை ஒரு நாள் காயவிட்டு, தூரிகையால் தேய்க்காமல் ஒரு சொட்டு விட்டுப் பரவவிடுங்கள். அதற்கு முன் உபரிப் பகடை ஒன்றில் பார்த்துவிடுங்கள்.

மரத்தில் செய்ய ஆசை. ஆசாரியிடம் எப்படிச் சொல்வது?

"சின்னக் கட்டை வேணும்ணே" என்று போய் நின்றால் மூன்று வாரம் இழுப்பார். வேலையை அவர் மொழியில் பிரித்துச் சொன்னால் அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுப்பார்: "ஒரு ரீப்பர் சட்டத்தை நாலு பக்கமும் 16 மி.மீ. சதுரமா இழைச்சு, 16 மி.மீ.க்கு ஸ்டாப்பர் வைச்சு வெட்டிக் குடுங்க." ஒவ்வொரு வெட்டுக்கும் ரம்பம் இரண்டரை மி.மீ. தின்னும் என்று வைத்தால், 3 அடி ரீப்பரில் 49 கட்டை வரும். நாலைந்து கோணலாகப் போனாலும் 40க்குக் குறையாது.

பிறகு உப்புத்தாள் வேலை உங்களுடையது. தாளை மேசையில் விரித்து ஒட்டி, கட்டையை அதன் மேல் தேய்க்க வேண்டும். கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு தாளால் தேய்த்தால் முகம் உருண்டு போகும். எல்லா முகத்தையும் எண்ணி ஒரே அளவு தேய்ப்புகள், கடைசியாக முனைகளை லேசாக மழுக்குங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: ஒவ்வொரு கட்டையிலும் இரண்டு முகம் மரத்தின் குறுக்கு வெட்டு. அது தண்ணீரை உறிஞ்சுவதுபோல் மையையும் உறிஞ்சும், மார்க்கர் கோடு பரவிவிடும். ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து அந்த இரண்டு முகத்திலும் ஒரு பூச்சு கொடுத்துவிட்டு எழுதுங்கள்.

கர்நாடகத்துச் சன்னபட்டணாவின் மரப் பொம்மைக்காரர்களிடம் கேட்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அவர்கள் கைவண்ணம் கடைசல் வேலை. கட்டை சுழலும்போதே அரக்கு பூசுவார்கள். உருண்டையான காய்களுக்கு அது அற்புதம், சதுரப் பகடைக்குப் பொருந்தாது. காய்களை அங்கே வாங்குங்கள்.

3டி பிரிண்டிங்?

மாதிரி ஒன்றோ இரண்டோ என்றால் சரி. 16 மி.மீ. பகடையின் கன அளவு கிட்டத்தட்ட 4.1 கன செ.மீ. 3டி பிரிண்டரில் பரவலாகப் போடும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கின் அடர்த்தி 1.24, ஆகவே உள்ளே முழுக்க நிரப்பிய பகடை 5 கிராம் இருக்கும். கடைக்காரர் கிராமுக்கு 8 ரூபாய் சொன்னால் ஒன்றுக்கு 40 ரூபாய் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். "உள்ளே 20 சதவீதம் நிரப்பினால் மலிவு" என்பார்கள். பூச்சாடிக்கு அது சரி. பகடைக்கு 100 சதவீதம் நிரப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எடை ஒரு பக்கமாக உட்கார்ந்துவிடலாம்.

கீழே தட்டில் ஒட்டியிருந்த முகம் மட்டும் ஓரத்தில் கொஞ்சம் பிதுங்கியிருக்கும். அதைத் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும். படத்தைப் புடைப்பாக வைக்காமல் 0.6 மி.மீ.க்குக் குறையாத பள்ளமாக வைத்து, பள்ளத்தில் அக்ரிலிக் பெயின்ட் பூசித் துடைத்தால் பளிச்சென்று தெரியும்.

ரெசினில் நானே வார்க்கலாமா?

வார்க்கலாம், அது தனிப் பொழுதுபோக்காகவே ஆகிவிடும். சிலிக்கான் அச்சும் இரண்டு பாட்டில் எப்பாக்சியும் (கலந்தால் இறுகும் ரெசின்) இணையத்தில் கிடைக்கும். ஒரு பகடைக்கு நாலரை கிராம் என்றால் 200 கிராம் செட்டில் 40 பகடைக்கு மேல் வரும். சிக்கல் காற்றுக் குமிழிதான். பெரிய குமிழி ஒரு முனையில் மாட்டிக்கொண்டால் அந்தப் பக்கம் எடை குறையும், பகடை சாயும். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். மலிவாக வேண்டும் என்பதற்காக மட்டும் என்றால் இந்த வழிக்கு வராதீர்கள்.

லேசர் செதுக்கல், யூ.வி. பிரிண்டிங்?

கேடயமும் பெயர்ப்பலகையும் செய்யும் கடைகளில் லேசர் இருக்கும். பேனாவில் பெயர் போட்டுக் கொடுக்கும் கடைகளில் யூ.வி. பிரிண்டர் இருக்கும். இரண்டுமே நன்றாக வரும், இரண்டையுமே பிறகு அழிக்க முடியாது. ஒவ்வொரு பகடையையும் ஆறு முறை திருப்பி வைக்க வேண்டும் என்பதால் கூலி அதிகம். 6 வரிசை, 8 வரிசை என்று ஓட்டை வெட்டிய ஓர் அட்டையில் பகடைகளை அடுக்கி, ஒரே முகத்தை எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் செதுக்கச் சொன்னால் கூலியைக் குறைத்துப் பேசலாம். மரமும் அக்ரிலிக்கும் லேசருக்கு ஏற்றவை. பி.வி.சி. கட்டையைக் கொண்டுபோகாதீர்கள், அது எரிந்தால் வரும் வாயு மனிதருக்கும் ஆகாது, இயந்திரத்துக்கும் ஆகாது.

ஆறு முகம்தான் இருக்க வேண்டுமா?

இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருப்பேன். நம் வீட்டுப் பித்தளைத் தாயக்கட்டைக்கு நாலே முகம்: வெற்று, 1, 2, 3. கீழடி அகழாய்வில் தந்தப் பகடை கிடைத்திருக்கிறது. உருட்டி விளையாடுவது நமக்குப் புதிது இல்லை. இரண்டு கட்டை உருட்டினால் 16 விதமாக விழலாம். தாயம், அதாவது மொத்தம் 1, அதில் இரண்டு விதம்தான்: எட்டில் ஒரு வாய்ப்பு. இரண்டுக்கு மூன்று விதம், மூன்றுக்கு நான்கு, நான்குக்கு மூன்று, ஐந்துக்கு இரண்டு, ஆறுக்கு ஒன்று. இரண்டும் வெறுமையாக விழுந்தால் அது பன்னிரண்டு, அதற்கும் ஒரே விதம்தான். தாயம் போடாமல் காய் இறங்காத ஆட்டத்தில் பாட்டி ஏன் அரை மணி நேரம் உருட்டிக்கொண்டிருந்தார் என்பது இந்தக் கணக்கில் இருக்கிறது. நடு எண் அடிக்கடியும் ஓர எண் அபூர்வமாகவும் விழ வேண்டும் என்றால், உங்கள் ஆட்டத்துக்கு ஆறு முகப் பகடை ஒன்றைவிட இந்த ஜோடி பொருத்தமாக இருக்கும்.

பித்தளைக் கட்டையின் மேலேயே ஸ்டிக்கர் ஒட்டலாம். கையில் நல்ல கனம், உருளும் சத்தமும் கிடைக்கும்.

செலவே வேண்டாம் என்றால் அறுகோணப் பென்சில். 5 செ.மீ. துண்டாக வெட்டினால் ஒரு பென்சிலில் மூன்று பகடை. ஆறு பக்கமும் சுமார் 4 மி.மீ. அகலம், ஓர் எழுத்தோ ஒரு நிறமோ போடலாம். சீவிய முனையை விட்டுவிட்டு வெட்டுங்கள். புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்தால் இரண்டு முகப் பகடை. ஆனால் கொட்டைக்குக் கொட்டை விழும் விதம் மாறும், துல்லியம் வேண்டிய ஆட்டத்துக்கு ஆகாது.

என் பகடை சரியாக விழுகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பிளாஸ்டிக், ரெசின் பகடைக்கு உப்புத் தண்ணீர். ஒரு டம்ளர், அதாவது 200 மி.லி. தண்ணீரில் 70 கிராம் உப்பைக் கரைத்துப் பகடையைப் போடுங்கள். மிதந்தால் விரலால் சுண்டிச் சுற்றிவிடுங்கள். பத்து முறையும் ஒரே முகம் மேலே வந்தால் உள்ளே குமிழி. அக்ரிலிக் பட்டும்படாமல்தான் மிதக்கும். முழுக்க நிரப்பிய பி.எல்.ஏ. மூழ்கிவிடும், அதற்கு இந்தச் சோதனை பயன்படாது. மரத்தைத் தண்ணீரில் போடவே வேண்டாம்.

மற்றதற்கெல்லாம் உருட்டித்தான் பார்க்க வேண்டும். 120 முறை உருட்டி எண்ணுங்கள். ஒவ்வொரு முகமும் 20 முறை வர வேண்டும், சரியாக வராது. எனக்கு ஒரு தடவை 14, 22, 19, 25, 17, 23 என்று வந்தது. ஒவ்வொன்றிலும் 20ஐக் கழித்து, வர்க்கப்படுத்திக் கூட்டினால் 84. அதை 20ஆல் வகுத்தால் 4.2. இந்த எண் 11.07ஐத் தாண்டினால்தான் சந்தேகப்பட வேண்டும். புள்ளியியலில் இதைக் கை-வர்க்கச் சோதனை (chi-square test) என்பார்கள். 120 உருட்டலில் பெரிய கோளாறு மட்டும்தான் பிடிபடும், ஆனால் மாதிரிப் பகடைக்கு அது போதும். டிவி பார்த்துக்கொண்டே செய்துவிடலாம்.

எந்தப் படத்தை எந்தப் பக்கம் போடுவது?

கையால் செய்த கட்டையில் சாதாரணமாக வரும் கோளாறு, ஒரு திசையில் கொஞ்சம் தட்டையாகிப் போவது. அப்போது எதிரெதிர் முகங்கள் இரண்டுமே அதிகமாக விழும். அதனால் நல்லதையும் கெட்டதையும் எதிரெதிரே வையுங்கள்: மழைக்கு எதிரே வெயில், மடைக்கு எதிரே உடைப்பு. கட்டை கோணலானாலும் ஆட்டம் ஒரு பக்கமாகச் சாயாது. சாதாரணப் பகடையில் எதிர் முகங்களைக் கூட்டினால் 7 வருவதும் இதே காரியத்தைச் செய்கிறது.

படம் வரையத் தெரியாது. எங்கே எடுப்பது?

கேம்-ஐகான்ஸ் என்ற தளத்தில் ஆயிரக்கணக்கான கறுப்பு-வெள்ளைப் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. வரைந்தவர் பெயரை எங்காவது போட வேண்டும் என்பது நிபந்தனை. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத ஒருவர் உங்கள் மேசையில் கட்டாயம் ஒரு நாள் உட்காருவார்.

சீனாவில் ஆர்டர் கொடுத்தால் மலிவாமே?

ஒரு பகடையின் விலை மலிவு, மொத்தச் செலவு மலிவு இல்லை. புது வடிவம் என்றால் அச்சுக்குத் தனிக் காசு, குறைந்தபட்ச ஆர்டர் நூற்றுக்கணக்கில் இருக்கும், கப்பல் அல்லது விமானச் செலவு, இங்கே வந்ததும் சுங்கவரி. பத்து பத்தாக வாங்க உதவிய அலிஎக்ஸ்பிரஸ் 2020 நவம்பரில் இந்தியாவில் முடக்கப்பட்டது. விற்கும் எண்ணம் இருந்தால் இன்னொன்றும் உண்டு: 14 வயதுக்கு உட்பட்டவர்கள் விளையாடும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஆட்டத்தின் பெட்டியில் வயதை எழுதுவதற்கு முன்பே இதை விசாரித்துவிடுங்கள்.

வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது.

மூன்று வயதுக்குக் கீழ் என்றால் 16 மி.மீ. பகடையை எட்டாத இடத்தில் வையுங்கள், தொண்டையில் சிக்கும் அளவுதான் அது. பென்சில் துண்டும் புளியங்கொட்டையும் அப்படியே.

சரி, எப்போதுதான் செதுக்கிய பகடை செய்யலாம்?

நான் வைத்திருக்கும் கணக்கு: தொடர்ந்து பத்து ஆட்டம், அதில் குறைந்தது ஐந்து ஆட்டம் நீங்கள் பக்கத்தில் இல்லாமல் பிறர் ஆடியது, ஒரு ஸ்டிக்கர்கூட மாற்றவில்லை என்றால் செதுக்கலாம். என் ஆட்டத்தில் ஏழு வரை வந்திருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு அக்கா விளையாடிவிட்டு, நீர்பாய்ச்சி முகம் இரண்டு வேண்டும் என்கிறார். வெள்ளை வட்டம் ஒன்றில் மார்க்கரால் வரைந்து ஒட்டியிருக்கிறேன். எண்ணிக்கை மறுபடியும் ஒன்றிலிருந்து.